களையும் விஷச்செடியும்: தெரியாத மதத்தை ஏன் 'கல்ட்' என்கிறோம்?

ஒரு சினிமாவை 'கல்ட்' என்றால் அது பாராட்டு. ஒரு மதத்தை 'கல்ட்' என்றால் வசவு. இரண்டாவது வகையில் இந்தச் சொல்லைப் புழங்குகிறவரிடம் கல்ட் என்றால் என்ன என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: மூளைச்சலவை செய்வார்கள், தலைவர் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார்கள், பணத்தைக் கறப்பார்கள், உள்ளே போனால் வெளியே வரமுடியாது. "சரி, நீங்கள் சொல்லும் அந்தக் குழுவில் இதில் எதைப் பார்த்தீர்கள்?" என்று அடுத்த கேள்வி போட்டால் பேச்சு இழுபடும். கடைசியில் "என்னமோ, அவங்க ஒரு மாதிரிங்க" என்பதில் வந்து நிற்கும்.

அந்த 'ஒரு மாதிரி' எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். சமயங்களை ஆராய்கிறவர்களில் பலர் கல்ட் என்ற சொல்லையே கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. ஏன் கைவிட்டார்கள், அதற்குப் பதிலாக எதைக் கேட்கிறார்கள் என்பதும் கூடவே வரும்.

## தோட்டத்திலிருந்து தொடங்கலாம்

களை என்று ஒரு தாவர இனம் கிடையாது. எந்தத் தாவரவியல் நூலைப் புரட்டினாலும் 'களைக் குடும்பம்' என்று ஒன்று இருக்காது. நெல் வயலில் தானாக முளைத்த சோளம் களை. சோளக் கொல்லையில் முளைத்த நெல்லும் களை. களை என்ற சொல் செடியைப் பற்றிச் சொல்வதைவிட, நிலத்துக்காரர் அங்கே எதை எதிர்பார்த்தார் என்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

விஷச்செடி வேறு சமாசாரம். அரளியில் இதயத்துடிப்பைக் குலைக்கும் நச்சு இருக்கிறது. யார் தோட்டத்தில் நின்றாலும் இருக்கும். பூவுக்காக ஆசையாய் நட்டு வளர்த்தாலும் இருக்கும்.

ஆக, இரண்டு தனித்தனிக் கேள்விகள். இந்தச் செடி எனக்குப் பழக்கமானதா? இந்தச் செடியில் விஷம் இருக்கிறதா? பெயர் தெரியாத, தீங்கில்லாத செடிகள் எத்தனையோ உண்டு. வாசலிலேயே நிற்கும், தினமும் பார்த்துப் பழகிய விஷச்செடிகளும் உண்டு. 'கல்ட்' என்ற சொல் இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறது. முதல் கேள்விக்குக் கிடைத்த பதிலை வைத்தே இரண்டாவதற்கும் மதிப்பெண் போட்டுவிடுகிறோம்.

## ஒரு காலத்தில் அது நல்ல சொல்

லத்தீனில் 'கோலரே' என்றால் நிலத்தை உழுது பேணுவது. தெய்வத்தைப் பேணுவதற்கும் அதே வினைதான். அதிலிருந்து பிறந்த 'குல்தூஸ்' வழிபாட்டைக் குறித்தது. கல்ட் அதன் வாரிசு. கல்ச்சரும் அதே வீட்டுப் பிள்ளை, நம் மொழியில் பண்படுத்துவதிலிருந்து பண்பாடு வந்ததுபோல. இன்றைக்கும் வரலாற்று நூல்களில் ஒரு புனிதரின் 'கல்ட்' என்று வந்தால் அவருக்கு நடந்த வழிபாடு என்றுதான் பொருள்.

இந்தத் துறையில் நல்ல சொல் கெட்டுப்போவது வாடிக்கை. கிரேக்கத்தில் 'ஹைரெசிஸ்' என்றால் தேர்வு. ஒருவர் தேர்ந்துகொண்ட சிந்தனைப் பள்ளி. அதுவே பிற்பாடு 'ஹெரெசி' ஆகி, ஆளைக் கொளுத்தப் போதுமான குற்றமாயிற்று. அசோகரின் 12-ஆம் பாறைக் கல்வெட்டு எல்லாப் 'பாசண்ட'ங்களையும் மதிக்கச் சொல்கிறது. அங்கே பாசண்டம் என்றால் சமயப் பிரிவு, அவ்வளவே. பின்னாளில் அந்தச் சொல் வேத விரோதி, போலிச் சாமியார் என்ற பொருளுக்கு இறங்கிப்போனது. 'ஒரு குழு' என்று தொடங்கும் சொல் 'நம்மோடு சேராத குழு' ஆகி, 'கெட்ட குழு'வில் போய் முடிகிறது.

இந்த விஷயத்தில் சைவ சித்தாந்திகள் நேர்மையானவர்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. அகச்சமயம், அகப்புறச்சமயம், புறச்சமயம், புறப்புறச்சமயம் என்று அவர்கள் பிரித்தார்கள். தன்னிடமிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் அளவுகோல் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். கல்ட் என்ற சொல்லும் தூரத்தைத்தான் அளக்கிறது. அபாயத்தை அளப்பதாக நடிக்கிறது.

## விடியலுக்கு முன் கூடியவர்கள்

கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் இருந்த பித்தினியா-பொந்துஸ் என்ற ரோமானிய மாகாணத்துக்கு இளைய பிளினி ஆளுநராக இருந்தார். புதிதாக ஒரு கூட்டம் பரவுவதாக அவருக்குப் புகார்கள் வந்தன. கூடவே, நிறையப் பேரின் பெயர்களைப் போட்டு ஒரு மொட்டைக் கடிதமும் வந்தது. அந்தக் கூட்டத்தைப் பற்றிப் பேரரசெங்கும் உலவிய வதந்திகள் பயங்கரமானவை: மனித மாமிசம் தின்கிறார்கள், உடன்பிறந்தவர்களோடு உறவு கொள்கிறார்கள், கடவுளே இல்லை என்கிறார்கள்.

பிளினி விசாரித்தார். அந்தக் கூட்டத்திலிருந்து விலகியவர்களைக் கேட்டார். குறிப்பிட்ட ஒரு நாளில் விடியலுக்கு முன் கூடுவோம், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து மாறி மாறிப் பாடுவோம், திருடமாட்டோம், பிறர் துணையை நாடமாட்டோம், நம்பிக் கொடுத்த பொருளைத் திருப்பித் தராமல் இருக்கமாட்டோம் என்று உறுதி எடுப்போம், பிறகு கலைந்துபோய் மறுபடி கூடிச் சாப்பிடுவோம், அது எல்லோரும் சாப்பிடும் சாதாரண உணவுதான் என்றார்கள். அவருக்குத் திருப்தியில்லை. ஊழியம் செய்த இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். அப்போதும் குற்றம் என்று ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில் 'கேடுகெட்ட, அளவுமீறிய மூடநம்பிக்கை' என்றே முடிவு சொன்னார்.

வதந்திகள் பிறந்த விதத்தைக் கவனியுங்கள். எதுவும் வெறும் கற்பனையில்லை. எல்லாவற்றுக்கும் ஒரு நுனி இருந்தது. 'இது என் உடல், இது என் இரத்தம்' என்று சொல்லி அப்பமும் திராட்சை ரசமும் உண்டார்கள். வெளியே போனபோது அது நரமாமிசம் ஆனது. ஒருவரையொருவர் சகோதரன், சகோதரி என்று அழைத்தார்கள், திருமணமும் செய்துகொண்டார்கள். வெளியே அது முறைகெட்ட உறவு ஆனது. ஊர்த் தெய்வங்களுக்குப் பலியிட மறுத்தார்கள். அது நாத்திகம் ஆனது. உள்ளே ஒரு பொருளோடு வழங்கும் சொல், அந்தப் பொருள் இல்லாமல் வெளியே கசிந்தால் இப்படித்தான் ஆகும்.

டிராஜன் எழுதிய பதிலில் ஒரு வரி இன்றைக்கும் செல்லும்: பெயரில்லாத குற்றச்சாட்டுகளை எந்த வழக்கிலும் ஏற்கக்கூடாது.

இதுவரை: பழக்கமின்மை ஒன்று, தீங்கு வேறொன்று. கல்ட் என்ற சொல் இரண்டையும் கலக்கிறது. இந்தக் கலப்படம் பழையது. உலகின் மிகப்பெரிய மதமும் ஒரு காலத்தில் இதில் மாட்டியிருக்கிறது.

## நமக்கு மட்டும் வட்டார வழக்கு கிடையாது

எல்லா ஊர்க்காரருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு: நாம் பேசுவதுதான் சாதாரணப் பேச்சு, அடுத்த ஊர்க்காரர்தான் இழுத்துப் பேசுகிறார். மதமும் அப்படியே. சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் சடங்கு நமக்குச் சடங்காகவே தெரியாது, வெள்ளிக்கிழமை மாதிரி அது பாட்டுக்கு வந்துபோகும். அடுத்தவர் சடங்கில் மட்டும் ஒவ்வொரு அசைவும் துருத்திக்கொண்டு தெரியும்.

ஓர் அறையைக் கற்பனை செய்யுங்கள். நாற்பது பேர் ஒரே நிறத்தில் உடுத்தி, தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முன்னால் கொஞ்சம் உயரமான இருக்கையில் ஒருவர். எல்லோரும் ஒரே வாக்கியத்தை நூறு முறை திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிலர் கண்களில் நீர். முடிந்ததும் வரிசையாகப் போய் ஒரு பெட்டியில் பணம் போடுகிறார்கள்.

இந்தக் காட்சிக்கு இரண்டு அகராதிகள் இருக்கின்றன. சொந்த மதமென்றால் அது ஓதுதல், தெரியாத மதமென்றால் மூளைச்சலவை. நம்மவர் இருந்தால் நோன்பு, அவர்கள் இருந்தால் பட்டினி போட்டு ஆளை மடக்குவது. காணிக்கை அங்கே வசூல் ஆகிறது, தீட்சை ரகசியச் சடங்கு ஆகிறது, துறவு குடும்பத்தைப் பிரிப்பது ஆகிறது. வேறு மதத்திலிருந்து ஒருவர் நம்மிடம் வந்தால் மனம் திரும்பினார். நம்மிடமிருந்து ஒருவர் போனால் மயக்கிவிட்டார்கள். அறையும் ஆட்களும் ஒன்றேதான். எழுதுகிறவர் கையில் எந்த அகராதி என்பதுதான் கணக்கு. ஒரு செய்தியில் 'கல்ட்' என்று பார்த்தால், அதிலுள்ள வினைச்சொற்களை மட்டும் இன்னொரு அகராதிக்கு மாற்றி வாசித்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறுத்தலாக மிஞ்சுவது எதுவோ அதுதான் விஷயம்.

இதற்குப் பின்னால் மூளையின் சில பழக்கங்கள் இருக்கின்றன. உளவியலில் நன்கு ஆராயப்பட்டவை.

முதலாவது, புறக்குழு ஒருமை: நாம் சேராத கூட்டத்தில் எல்லோரும் ஒரே அச்சு என்று தோன்றுவது. உள்ளே இருப்பவருக்கு, ஒருவர் பக்தியில் வருகிறார், ஒருவர் பாட்டுக்காக வருகிறார், இன்னொருவர் வீட்டில் நச்சரிப்பு தாங்காமல் வருகிறார் என்று தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாற்பது பொம்மைகள்தான் தெரியும். கும்பல், மந்தை போன்ற சொற்கள் சட்டென்று வாயில் வருவது இதனால்தான்.

இந்தப் பிரிவினைக்கு ஆழமான காரணம்கூடத் தேவையில்லை. 1970 வாக்கில் உளவியலாளர் ஹென்றி தாஷ்ஃபெல் பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களை மிக அற்பமான காரணங்களை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்தார். திரையில் வந்த புள்ளிகளை அதிகமாக எண்ணினாயா குறைவாக எண்ணினாயா என்கிற அளவுக்கு அற்பம். யார் தன் குழு என்று முகம்கூடத் தெரியாது. அப்படியும், பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குக் கூடுதலாக ஒதுக்கினார்கள். புள்ளி எண்ணிக்கைக்கே இந்தப் பாடு என்றால், சொர்க்க நரகம் சம்பந்தப்பட்ட இடத்தில் கேட்கவேண்டுமா!

இரண்டாவது, எளிதில் நினைவுக்கு வருவதை அடிக்கடி நடப்பதாக எண்ணும் சாய்வு. உளவியலாளர்கள் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-ல் இதை விளக்கினார்கள். கல்ட் என்றதும் நினைவுக்கு வருவது 1978-ல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் நடந்த கூட்டு மரணங்களும் 1995-ல் டோக்கியோ ரயிலில் பரப்பிய விஷவாயுவும்தான். வாராவாரம் கூடிப் பாடி, டீ குடித்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஆயிரக்கணக்கான சிறு குழுக்கள் செய்தியாவதில்லை. செய்தியாகாத ஒன்று நினைவில் எப்படி வரும்?

## புதிது என்பதாலேயே வரும் வித்தியாசங்கள்

எல்லாம் பார்ப்பவர் கண்ணில்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. புதிய சமயக் குழுக்களின் வேகம் உண்மையிலேயே கூடுதல். வெளியாட்கள் ஒரு நிஜத்தைத்தான் பார்க்கிறார்கள். அதன் காரணத்தைத்தான் தவறாகப் படிக்கிறார்கள். பொது விவாதத்தில் இந்தப் பகுதியை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதலில் மூன்று சொற்கள். சமூகத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும், பிறப்பாலேயே ஆள் சேரும் பழைய அமைப்பை நிலைபெற்ற சமயம் என்போம். அதிலிருந்து 'நாங்கள்தான் மூலத்துக்கு உண்மையானவர்கள்' என்று பிரிந்தது பிரிவு. பிரிந்து வராமல் புதிதாகத் தோன்றியதும், வேறெங்கிருந்தோ அந்தச் சமூகத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்ததும் புதிய சமய இயக்கம். கல்ட் என்ற சொல்லுக்குப் பதிலாக ஆய்வாளர்கள் இன்று அதிகம் புழங்குவது இந்தக் கடைசிச் சொல்லைத்தான். ஹரே கிருஷ்ணா இயக்கம் 1966-ல் நியூயார்க்கில் பதிவானபோது அமெரிக்கர்களுக்கு அது புத்தம்புதிது; அது தன் மூலமாகக் கொள்ளும் சைதன்யரோ 16-ஆம் நூற்றாண்டுக்காரர். ஓரிடத்தில் பரம்பரை, இன்னோரிடத்தில் கல்ட்.

நிலைபெற்ற சமயத்தில் பெரும்பாலோர் பிறப்பால் உறுப்பினர்கள். அதனால் தீவிரமானவர், சுமாரானவர், பெயருக்கு இருப்பவர் என்று எல்லா வகையும் கலந்திருக்கும். புதிய இயக்கத்திலோ முதல் தலைமுறை முழுக்கத் தானே முடிவெடுத்துச் சேர்ந்தவர்கள். சேருவதற்குச் சொந்தக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்தவர்கள். அரைமனதுக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஆகவே உள்ளே இருப்பவர்களின் சராசரிச் சூடு அதிகம். யாரும் அவர்களைச் சூடேற்றியதாகச் சொல்லவேண்டியதில்லை, வடிகட்டினதே போதும்.

அடுத்தது வயது. புதிதாகச் சேருகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். குழந்தை குட்டி, கடன், வீட்டுப் பொறுப்பு இல்லாதவர்கள். நாள் முழுக்க இயக்கத்துக்கே கொடுக்க முடிகிறவர்கள். நிறுவனர் உயிரோடு இருப்பதும் சேர்ந்துகொள்கிறது. சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டவேண்டாம், அவரையே கேட்கலாம். அவர் நேற்று சொன்னதை இன்று மாற்றலாம். சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் இதை வசீகர அதிகாரம் என்றார்: பதவியிலிருந்தோ மரபிலிருந்தோ வராமல் ஆளிடமிருந்தே வரும் அதிகாரம். நிறுவனர் இறந்ததும் குழுக்கள் அமைத்து, விதி எழுதி, கணக்கு வைத்து இந்த அதிகாரத்தை அலுவலகமாக மாற்றவேண்டியிருக்கும். மாற்ற முடியாதவை கரைந்துபோகும். மாற்றியவற்றில் இரண்டாம் தலைமுறை பிறந்து, பள்ளிக்குப் போய், 'எல்லா வாரமும் கூட்டத்துக்குப் போகணுமா?' என்று கேட்க ஆரம்பிக்கும். அந்தக் கேள்வியோடு பாதிச் சூடு இறங்கிவிடும்.

17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர்களைப் பாருங்கள். 1659-க்கும் 1661-க்கும் இடையில் பாஸ்டனில் நான்கு குவேக்கர்களைத் தூக்கிலிட்டார்கள். ஊரைவிட்டு விரட்டியும் திரும்பி வந்ததுதான் குற்றம். 1947-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவை இரண்டு குவேக்கர் சேவை அமைப்புகள். 1830-ல் அமெரிக்காவில் தோன்றிய சபையான மோர்மன்களை 'ஒழித்துக்கட்டு, அல்லது விரட்டு' என்று மிசௌரி மாநில ஆளுநர் 1838-ல் ஆணை போட்டார்; அதை முறைப்படி ரத்து செய்ய 1976 வரை ஆயிற்று.

இதைச் சொன்னதும் 'கல்ட்டோடு காலத்தைக் கூட்டினால் மதம்' என்ற நகைச்சுவையை யாராவது எடுத்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, பாதிதான் சரி. காலம் பழக்கத்தைக் கொண்டுவரும், விஷத்தை இறக்காது. பல நூற்றாண்டு பழகிய அமைப்புகளுக்குள்ளும் குழந்தைகள்மீதான கொடுமைகள் பல பத்தாண்டுகள் மூடிமறைக்கப்பட்டன.

இதுவரை: புதிய குழுவின் சூட்டுக்குத் தானே தேர்ந்து வந்தவர்கள், இளமை, உயிரோடிருக்கும் நிறுவனர் ஆகிய மூன்றும் போதுமான காரணங்கள். சூடு இருப்பதாலேயே தீங்கு இருக்கிறது என்றாகாது.

## மூளைச்சலவை என்கிற மந்திரச்சொல்

இந்தச் சொல்லை 1950-ல் ஆங்கிலத்தில் பரப்பியவர் அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்வர்ட் ஹன்டர்; சீனாவின் அரசியல் மறுபயிற்சி முகாம்களைப் பற்றி எழுதும்போது சீனச் சொல்லிலிருந்து எடுத்தார். கொரியப் போர் முடிந்து 21 அமெரிக்கப் போர்க்கைதிகள் நாடு திரும்ப மறுத்தபோது சொல் வீடுவீடாகப் போய்ச் சேர்ந்தது. 1970-களில் பிள்ளைகள் புதிய இயக்கங்களில் சேர்ந்ததைக் கண்டு திகைத்த பெற்றோர்களுக்கு இது வசதியான விளக்கமாக அமைந்தது. என் பிள்ளை எங்களை விட்டுப் போகவில்லை, திருடிவிட்டார்கள்!

சோதித்துப் பார்த்தால் என்ன ஆகிறது? பிரிட்டிஷ் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர், மூளைச்சலவைக்கே உதாரணமாகச் சொல்லப்பட்ட, கொரியாவில் சன் மியுங் மூன் தொடங்கிய ஐக்கியத் திருச்சபையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1984-ல் முடிவுகளை வெளியிட்டார். 1979-ல் லண்டன் பகுதியில் அதன் முகாம்களில் தங்கிப் பாடம் கேட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பத்தில் ஒன்பது பேர் சேரவே இல்லை. சேர்ந்தவர்களிலும் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் தாங்களாகவே விலகிவிட்டார்கள். யாராலும் எதிர்க்கமுடியாத உத்தி என்றால் இப்படியா கோட்டைவிடும்?

ஆனால் வற்புறுத்தல் என்பது கட்டுக்கதை என்று இதிலிருந்து கிளம்பிவிடக்கூடாது. தூங்கவிடாமல் வைப்பது, வெளித்தொடர்பை அறுப்பது, குற்றவுணர்வைக் கிளறிப் பணம் வாங்குவது எல்லாம் நடப்பவைதான். அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பெயர் சொல்லக்கூடிய செயல்கள். மூளைச்சலவை என்ற ஒரே சொல் அவற்றை மூடிப் புகையாக்கிவிடுகிறது. பெரியவர்களான மகன், மகளை ஆள் வைத்துக் கடத்தி, அறையில் அடைத்து 'மீட்கும்' தொழிலே அமெரிக்காவில் இந்தப் புகையில்தான் வளர்ந்தது. கட்டாயப்படுத்துகிறார்கள் என்று குற்றம்சாட்டி, அதற்கு மருந்தாகக் கட்டாயம்!

## முத்திரை குத்தியபின் நடப்பது

முத்திரை வெறும் பெயரோடு நிற்பதில்லை. கல்ட் என்றதும் அக்கம்பக்கம் விலகும், வாடகைக்கு வீடு கிடைக்காது, வேலை போகும். உறுப்பினர்கள் தங்கள் அடையாளத்தை மறைக்கத் தொடங்குவார்கள். மறைப்பது தெரிந்ததும் 'பார்த்தாயா, ரகசியக் கும்பல்' என்ற சந்தேகம் உறுதியாகும். மிதமானவர்கள் வெளியேறுவார்கள், தீவிரமானவர்கள் மிஞ்சுவார்கள். 'உலகம் நம்மைத் துரத்தும்' என்று தலைவர் சொல்லியிருந்தால் அவர் தீர்க்கதரிசியும் ஆகிவிடுவார். சந்தேகம் தனக்கு வேண்டிய சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்ளும் சுழற்சி இது.

1993-ல் டெக்சஸ் மாநிலம் வேகோவில் இதன் மோசமான முடிவைப் பார்த்தோம். டேவிடியக் கிளை என்ற குழுவின் குடியிருப்பை ஆயுதக் குற்றச்சாட்டின் பேரில் பிப்ரவரி 28-ல் கூட்டரசு முகவர்கள் சோதனையிடப் போனார்கள். துப்பாக்கிச் சண்டையில் இரு பக்கமும் உயிர்கள் போயின. பிறகு 51 நாள் முற்றுகை. குழுத் தலைவர் டேவிட் கொரேஷ், பைபிளின் கடைசி நூலில் உலக முடிவை ஒட்டி உடைக்கப்படுவதாக வரும் ஏழு முத்திரைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பேச்சுவார்த்தைக்காரர்களுக்கு அது உளறலாகப் பட்டது. உளறல் என்று முடிவு கட்டியதால் அதற்குள்ளிருந்த தகவல் கேட்கவில்லை. சமய அறிஞர்கள் இருவர் அந்த மொழியிலேயே அவரிடம் பேச முயன்றார்கள். முத்திரைகளுக்கு விளக்கம் எழுதி முடித்ததும் வெளியே வருவதாக ஏப்ரல் 14-ல் அவர் சொன்னார். 19-ஆம் தேதி முற்றுகையை முடிக்க உள்ளே கண்ணீர்ப்புகை செலுத்தினார்கள், தீப்பற்றியது, குழந்தைகள் உட்பட 76 பேர் இறந்தார்கள். சட்டவிரோத ஆயுதம், சிறுமிகள்மீதான வன்முறை ஆகிய குற்றச்சாட்டுகள் லேசானவையல்ல. ஆனால் கல்ட் என்ற கண்ணாடி வழியாகப் பார்த்ததில், உள்ளே இருந்த குழந்தைகளும் அந்தப் பெயருக்குள் அடங்கிப்போனார்கள்.

பிரான்ஸ் வேறொரு பாடத்தை மெதுவாகக் கற்றது. 1995-ல் ஒரு நாடாளுமன்றக் குழு 170-க்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கல்ட் என்று பட்டியலிட்டது. பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு வேலையிலும் குழந்தைப் பாதுகாப்பு வழக்குகளிலும் சிக்கல். 2001-ல் ஒருவரின் பலவீனமான நிலையைப் பயன்படுத்திச் சுரண்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் வந்தது. 2005-ல் அந்தப் பட்டியலைப் பயன்படுத்தவேண்டாம் என்று பிரதமரே சுற்றறிக்கை விட்டார். யார் என்பதிலிருந்து என்ன செய்தார் என்பதற்குப் பார்வை நகர்ந்தது.

## பழகிய முகத்தில் தப்பிய விஷம்

முத்திரையின் அடுத்த கோளாறு எதிர்த்திசையில் வருகிறது. பழகிய முகத்தோடு வந்தால் விஷம் கண்ணில் படுவதில்லை.

1978 நவம்பர் 18-ல் ஜோன்ஸ்டவுனிலும் கயானாவின் வேறு இடங்களிலும் சேர்த்து 918 பேர் இறந்தார்கள். கல்ட் என்ற சொல் பயங்கரமாக ஒலிப்பதற்கு அந்த நாள்தான் பெரிய காரணம். ஜோன்ஸ்டவுனை நடத்திய 'மக்கள் கோவில்' என்ற அமைப்பு, 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்ற நன்கு அறியப்பட்ட சபைப் பிரிவில் முறைப்படி இணைந்த சபை. அதன் தலைவர் ஜிம் ஜோன்ஸ் சான் பிரான்சிஸ்கோ நகர வீட்டுவசதி ஆணையத்துக்குத் தலைவராக இருந்தவர். நம்பிக்கையைப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்காது. செயலைப் பார்த்திருந்தால்? பாஸ்போர்ட்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கடிதங்களைத் தணிக்கை செய்தார்கள், காவலுக்கு ஆயுதம் ஏந்தியவர்கள், கூட்டமாகச் சாவதற்கு ஒத்திகைகூட நடந்தது. விலகி வந்தவர்களும் உறவினர்களும் இதையெல்லாம் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஓம் ஷின்ரிக்யோ என்ற குழு 1989-ல் ஜப்பானில் மத நிறுவனமாகச் சட்டப்படி பதிவானது. அதே ஆண்டு நவம்பரில், உறுப்பினர்களின் பெற்றோர்களுக்காக வாதாடிய வழக்கறிஞரையும் அவர் மனைவியையும் கைக்குழந்தையையும் அதன் ஆட்கள் கொன்றார்கள். அந்தக் கொலை அம்பலமானது 1995 மார்ச் 20-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் வாயுவைப் பரப்பிய பிறகுதான்.

## அப்படியானால் எதைக் கேட்பது?

முதலில் கேட்கவேண்டாதவை: உடை, உணவு விலக்கு, பெயர் மாற்றம், எத்தனை மணிக்கு எழுகிறார்கள், உலகம் எப்போது முடியும் என்கிறார்கள். இவை தூரத்தை மட்டும் காட்டுபவை.

விலகினால் என்ன ஆகும் என்பதுதான் முதல் கேள்வி. விலகி இரண்டு ஆண்டுகளுக்கு மேலான மூன்று பேரையாவது கண்டுபிடித்துக் கேளுங்கள். சில நண்பர்களை இழந்தார்களா, அல்லது வேலை, வீடு, மணவாழ்க்கை, பிள்ளைகள் என்று எல்லாமே ஒரே நாளில் போயிற்றா? வெளியேறும் விலை எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு உள்ளே இருப்பவரின் சம்மதம் சந்தேகத்துக்குரியது.

பணத்தைப் பொறுத்தவரை, கொடுக்கும் தொகையைவிடக் கொடுக்கவைக்கும் விதம் முக்கியம். தொகை முன்கூட்டியே தெரியுமா? யோசிக்க நாள் கொடுக்கிறார்களா, இன்றிரவே முடிவு சொல்லவேண்டுமா? கடன் வாங்கியோ சொத்தை எழுதிவைத்தோ கொடுக்கத் தூண்டுகிறார்களா? ஜப்பான் அரசு ஐக்கியத் திருச்சபையைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் போனது அதன் கொள்கைக்காக அல்ல. நன்கொடை வசூலித்த முறைக்காக. 2025 மார்ச்சில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் கலைப்பு உத்தரவிட்டதும் அந்த அடிப்படையில்தான்.

முதல் சந்திப்பில் தங்கள் அமைப்பின் பெயரைச் சொன்னார்களா? யோகா வகுப்பு, கருத்துக்கணிப்பு, மாணவர் வட்டம் என்று அழைத்துவிட்டுப் பல வாரம் கழித்து உண்மையைச் சொன்னால் அது கெட்ட அறிகுறி. அறிந்து சம்மதிக்கும் வாய்ப்பை முதலிலேயே பறித்துவிட்டார்கள். தலைவருக்கும் அதே விதிதானா, அவரைப் பதவியிலிருந்து இறக்க யாருக்காவது அதிகாரம் உண்டா, யார் யாரை மணப்பது என்று அவர் தீர்மானிக்கிறாரா என்பதையும் பாருங்கள். நோய் வந்தால் டாக்டரிடம் போகலாமா, குழந்தைகளை வெளியார் யாராவது பார்க்கிறார்களா, அடையாள ஆவணங்கள் யார் கையில் என்பவை தாமதிக்கக்கூடாத கேள்விகள்.

இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, ஒரு கேள்விக்கு 'ஆம்' வந்ததும் தீர்ப்பெழுதுவது. ராணுவ முகாமும் மடாலயமும்கூடச் சிலவற்றில் மாட்டும். பல கேள்விகள் சேர்ந்து வருகின்றனவா, வருடாவருடம் இறுகுகிறதா, முறையிட இடமே இல்லையா என்று பார்க்கவேண்டும். சொல்லப்போனால் இதே கேள்விகளை ஆள்மேல் ஆள் சேர்க்கச் சொல்லும் ஒரு சங்கிலித்தொடர் வியாபாரத்திடமோ அரசியல் கட்சியிடமோ கேட்டாலும் பதில் வரும். கடவுள் சம்பந்தப்படவேண்டியதே இல்லை.

இன்னொரு பிழை சாட்சியைப் பற்றியது. விலகியவர் கோபத்தில் பேசலாம், உள்ளே இருப்பவர் பற்றில் பேசலாம். இருவரிடமும் அடைமொழிகளைத் தள்ளிவிட்டு, தேதி, இடம், தொகை, யார் சொன்னது என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போகும் செயல்கள் உங்களுக்கே வியப்பாக நிறையக் கிடைக்கும்.

## வீட்டில் ஒருவர் சேர்ந்துவிட்டால்

அவரிடம் கல்ட் என்ற சொல்லை எடுக்காதீர்கள். வெளியார் இப்படித்தான் சொல்வார்கள் என்று அவருக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். நீங்கள் சொன்னதும் அவர்கள் சொன்னது நிஜமாகிவிடும். கொள்கை விவாதமும் வேண்டாம், அதில் அவர் தினமும் பயிற்சி எடுக்கிறார். அன்றாடத்தைக் கேளுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினாய், சமையல் யார் முறை, ஊருக்கு வர யாரிடம் கேட்கவேண்டும், கேட்டால் என்ன சொன்னார்கள். பதில் சாதாரணமாக வந்தால் உங்கள் கவலையில் பாதி குறையும். பதிலில் தயக்கம் வந்தால் அந்தத் தயக்கத்தை அவரே கேட்டுக்கொள்வார்.

பிறந்தநாள், இழவு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் வழக்கம்போல் அழையுங்கள். ஒரு முறை வராவிட்டால் அடுத்த முறையும் அழையுங்கள். படிப்புச் சான்றிதழ், அடையாள அட்டை ஆகியவற்றின் நகல்களை எடுத்து வீட்டில் வையுங்கள். அடி, அடைத்துவைத்தல், குழந்தைக்குத் தீங்கு, மோசடி என்று தெரிந்தால் தேதியோடும் தொகையோடும் போலீசுக்குப் போங்கள்; புகாரில் மதத்தின் பெயரைவிடச் செய்தவரின் பெயர்தான் வேலை செய்யும். கையில் ரொக்கமாகப் பணம் அனுப்புவதைத் தவிருங்கள். வர விரும்புவதாகச் சொன்னால், எந்த ஊர், எந்த நாள் என்று மட்டும் கேட்டு, டிக்கெட்டை நீங்களே எடுத்து அனுப்புங்கள்.